பழைய கேமரா மூட்டை: எதை எடுப்பது, எதைத் திறக்காமல் விடுவது

சென்னையில் பழைய ஃபிலிம் கேமரா ஒற்றையாகச் சிக்குவது குறைவு. ஷட்டரை இழுத்துச் சாத்திய ஸ்டூடியோ, ஃபிளாட் கட்ட இடிக்கக் கொடுத்த வீட்டின் பரண், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, அல்லிக்குளம் வளாகத்து மூர் மார்க்கெட் கடைகள், தெருமுனைக் காயலான் கடை என்று எங்கிருந்து வந்தாலும் சாக்குப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ மொத்தமாகத்தான் வரும். "ஒண்ணொண்ணா பொறுக்கினா வேற ரேட்டு சார், மொத்தமா தூக்குனா பாத்துப் போட்டுத் தரேன்" என்பது விற்பவரின் மாறாத வசனம்.

மூட்டையைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கோடாக் கேபி10, யாஷிகா எம்எஃப்-2 வகைப் பிளாஸ்டிக் கேமராக்கள் பாதிக்கு மேல். ஒன்றிரண்டு ஹாட் ஷாட். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III ஒன்றாவது இருக்கும். ஒரு காலத்தில் கல்யாண போட்டோகிராபர்கள் கழுத்திலேயே தொங்கிய யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000, தோல் உரிந்து கிடக்கும். லென்ஸ் இல்லாத ஜெனிட் பாடி ஒன்று. (அதன் ஹீலியோஸ் லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்ட யாரோ ஏற்கெனவே கழற்றிப் போயிருப்பார்கள். இந்தப் பழக்கத்தால் நல்ல ஜெனிட்கள் குப்பைக்குப் போகின்றன.) அதிர்ஷ்டம் இருந்தால் பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எலக்ட்ரோ 35, ஒலிம்பஸ் டிரிப் 35.

அலமாரியில் அடுக்கி வைக்கச் சரிசெய்வது ஒரு வேலை. யாருக்காவது கொடுக்கச் சரிசெய்வது முற்றிலும் வேறு வேலை. இங்கே பேசுவது இரண்டாவதை. கொடுக்கப்போகும் கேமராவுக்குப் பளபளப்பு தேவையில்லை. ரோல் போட்டால் 36 படமும் விழ வேண்டும், அதற்கான ஃபிலிம் கடையில் கிடைக்க வேண்டும், பேட்டரி கிடைக்க வேண்டும். அதனால் 'இது யார் கைக்குப் போகும்' என்ற கேள்வியைப் பேரம் பேசும்போதே கேட்டுவிடுங்கள். பதில் தெரியாத கேமராவுக்கு விலையில் பூஜ்யம் போடுங்கள். எங்கள் கணக்கு இதுதான்: மூட்டையில் நிச்சயம் ஓடக்கூடிய மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும், பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடும் கேமரா) எத்தனை என்று எண்ணி, அவற்றின் விலையை மட்டும் கூட்டுவது. மற்றதெல்லாம் கொசுறு.

ஃபிலிம் அளவை வைத்தே பாதிக் கேமராவை ஒதுக்கிவிடலாம். 35 மி.மீ. என்றால் கவலையில்லை. 120 என்றாலும் ஆர்டர் போட்டால் வரும். 620 என்று எழுதியிருந்தால், அது 120 ஃபிலிமேதான், ஸ்பூல் மட்டும் ஒல்லி; இருட்டறையில் 120 ரோலைப் பழைய 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். 126 கேட்ரிட்ஜ், 2011இல் நின்றுபோன ஏபிஎஸ் ஆகியவற்றைச் சரிசெய்து புண்ணியமில்லை. 110க்கு வெளிநாட்டிலிருந்து ஃபிலிம் தருவிக்க வேண்டும். ஒரு பள்ளிப் பிள்ளையிடம் அதைக் கொடுப்பது, யானையைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தீனியை நீயே பார்த்துக்கொள் என்று சொல்வதைப் போல.

சந்தையில் ஐந்து நிமிடம்

சட்டைப்பையில் போன் டார்ச், எல்ஆர்44 பட்டன் பேட்டரி இரண்டு, பேட்டரி மூடியைத் திறக்க ஒரு ரூபாய் நாணயம், ஒரு பாழ் ரோல். இவை போதும்.

எதையும் திறப்பதற்கு முன் ரிவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. அடியிலுள்ள ரிவைண்ட் பட்டனை அழுத்தி, முழுதாகச் சுற்றி, இறுக்கம் விட்ட பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் ரோல்களில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து'வும் கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவும் வரும். கலர் ரோலாக இருந்தாலும் இவ்வளவு பழசைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதுதான் புத்திசாலித்தனம். வண்ணச் சாயம் போயிருந்தாலும் வெள்ளி நிழலாவது நிற்கும். கோடாக்ரோம் என்றால் வேறு வழியே இல்லை, அதற்கான கலர் பிராசஸிங் உலகில் 2010 டிசம்பரோடு முடிந்துவிட்டது. படம் விழுந்தால் அது விற்ற வீட்டாருடையது. விற்பவர் மூலமாகத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

பேட்டரி மூடி அடுத்தது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருமியிருந்தால் கசிவு. லேசான பொருமல் சரியாகும். பச்சை, ஒயர் வழியாக உள்ளே ஏறியிருந்தால் எலக்ட்ரானிக் கேமரா அவுட், மெக்கானிக்கல் கேமரா வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாமல் பிழைக்கும்.

பிறகு பின்கதவு. ரோல் இல்லை என்று தெரிந்த பின் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து 1 வினாடி, 1/60, 1/1000 என மூன்று வேகத்தில் ஷட்டர் பட்டனைத் தட்டுங்கள். 1/1000இல் வெளிச்சக்கீற்றே தெரியாவிட்டால் ஷட்டரின் இரண்டாவது திரை முதல் திரையை முந்திப் பிடிக்கிறது. துணித்திரை கேமராக்களில் இது அதிகம். சோர்ந்துபோன எண்ணெய்தான் காரணமாக இருக்கும், ஆனால் சந்தையில் அதைச் சரியாகும் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். ஃபெட், சோர்க்கி போன்ற ரஷ்ய ரேஞ்ச்ஃபைண்டர் (இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா) கையில் வந்தால் வேகத்தை மாற்றுவதற்கு முன் லீவரையோ குமிழையோ சுற்றி ஷட்டரை ஏற்றிவிடுங்கள். ஏற்றாமல் டயலைத் திருகினால் உள்ளே பின் முறியலாம், விற்பவர் முகமும் மாறும்.

லென்ஸை அகலத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாக இருந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. பனி மாதிரி ஒரே சீராக மங்கினால் எண்ணெய் ஆவி படிந்த புகைமூட்டம், துடைத்தால் போகும். ஓரத்திலிருந்து வானவில் நிறத்தில் அரைவட்டமாக உள்ளே வந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. அதைத் தொடாதீர்கள்.

சென்னைக்கென்று ஒரு சோதனை உண்டு. டிரைபாட் மாட்டும் ஓட்டைக்குள் பல்குச்சியை விட்டுச் சுழற்றுங்கள். மாவு போல நைசான சேறு ஒட்டினால் அந்தக் கேமரா வெள்ளத்தில் முழுகியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளமோ 2023 மிக்ஜாம் புயல் மழையோ, எதுவானாலும் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் மணல் நெறிபடுவது கையில் தெரியும். வெளியே எவ்வளவு துடைத்து வைத்திருந்தாலும் வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் உதிரி பாகத்துக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்ததும்

தோல் உறைகளை முதலில் பிரித்து வெளியே வையுங்கள். காளான் வாசம் அங்கிருந்துதான் வருகிறது. ஃபங்கஸ் ஜலதோஷம் மாதிரி ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று சொல்வார்கள். அதன் வித்து எப்போதும் காற்றில் இருக்கிறது, முளைப்பதை முடிவுசெய்வது ஈரம்தான். தோல் உறை அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு அழகான உறையானாலும் கொடுக்கும்போது கேமராவோடு சேர்த்துக் கொடுப்பதில்லை.

பிரிப்பது மூன்று குவியலாக. துடைத்து, வெளிச்சம் புகாமல் அடைக்கும் ஸ்பான்ஞ் மாற்றினால் போதும் என்பவை. ஒரு பழுது மட்டும் உள்ளவை. உதிரிக்கானவை. முதல் குவியலை முழுக்க முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடுங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வார்கள்: இருப்பதிலேயே கஷ்டமான எலக்ட்ரோ 35ஐ முதல் நாளே பிரித்துப் போட்டு, ஒரு ஸ்பிரிங் காணாமல் போய், மொத்த மூட்டையும் மறுபடி பரணுக்குப் போகும்.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜப்பான் கேமராக்களின் ஸ்க்ரூ தலை பார்க்க பிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பான் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் முனை அதன் அடிவரை உட்காராது. அழுத்தித் திருப்பியதும் மேலேறி வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும். தலை தேய்ந்த ஒரு 1.7 மி.மீ. ஸ்க்ரூவை எடுக்க ஆகும் நேரத்தில் இரண்டு கேமராவுக்கு ஸ்பான்ஞ் மாற்றலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் ட்வீசர், ஊதுபந்து, ஐபிஏ எனப்படும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் கிடைக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் போட்டு வைக்க, ஏழு நாள் மாத்திரை டப்பா. விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் வேலை செய்தால் விழுந்தது உருளாது. ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு போட்டோ.

ஃபேனை ஓட விட்டால் தூசி, நிறுத்தினால் லென்ஸ் மேல் வியர்வை. விடிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து எட்டு மணிக்கு எழுந்துவிடுவதே நம் ஊரில் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லென்ஸைப் பிரிக்க வேண்டாம். ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடுவதாகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40, தேங்காய் எண்ணெய் எதுவும் கேமராவுக்குள் போகக் கூடாது. மூட்டையில் வரும் கேமராக்களில் உண்மையிலேயே மீட்க முடியாதவை, தானாகக் கெட்டவற்றைவிட யாரோ எண்ணெய் விட்டுக் கெடுத்தவைதான். எண்ணெய் அன்றைக்கு ஓடவைக்கும். பிறகு சென்னை வெயிலில் இளகி, பரவி, ஷட்டர் தகடுகளுக்கு இடையில் புகுந்து, தூசியோடு சேர்ந்து கோந்தாகிவிடும்.

ஸ்பான்ஞ்

1970களுக்குப் பிந்தைய எஸ்எல்ஆர்களில் பத்துக்கு எட்டில் தேவைப்படும் வேலை இதுதான். பின்கதவு மூடும் பள்ளத்திலும் கதவின் கீல் பக்கத்திலும் லென்ஸுக்குப் பின்னாலுள்ள பிரதிபலிக்கும் கண்ணாடி மேலெழும்பி மோதும் இடத்திலும் கறுப்பு ஸ்பான்ஞ் இருக்கும். முப்பது, நாற்பது வருடத்தில் அது தாராக உருகிவிடும். தொட்டால் விரலில் ஒட்டும், சுரண்டினால் பொடியாகி ஷட்டர் மேல் விழும்.

அதனால் சுரண்டுவதற்கு முன் ஷட்டர் திரையின் மேல் ஒரு வெட்டிய காகிதத்தை வையுங்கள், ஒட்டாமல். கண்ணாடிப் பக்கம் வேலை செய்யும்போது லென்ஸ் மாட்டும் வாய் தரையைப் பார்க்கக் கேமராவைப் பிடியுங்கள், பொடி ஃபோகஸிங் ஸ்கிரீன் (வ்யூஃபைண்டரில் படம் தெரியும் தகடு) மேல் விழாமல் கீழே கொட்டும். பல்குச்சியின் முனையை ஐபிஏவில் தொட்டு, பள்ளத்தில் இரண்டு செ.மீ. மட்டும் நனைத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, ஒரே திசையில் தள்ளி எடுங்கள். பஞ்சுமுனைக் குச்சி வேண்டாம், நார் விடும். பள்ளம் முழுக்கப் பெயிண்ட் தெரியும் வரை இதுவே. அவசரப்பட்டு ஐபிஏவைத் தாராளமாக ஊற்றினால் கரைந்த தார் ஓடிப்போய்ச் சந்துகளில் உறையும். ஃபோகஸிங் ஸ்கிரீன் பிளாஸ்டிக், அதன் மேல் ஐபிஏ படக்கூடாது. கண்ணாடியின் பூச்சு முன்முகத்திலேயே இருப்பதால் துணியால் துடைத்தால் கீறல்தான். ஊதுபந்தால் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதிதாகப் போடுவதற்குக் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் கறுப்பு ஈவிஏ ஷீட்டைப் பலரும் வாங்குகிறார்கள். அது அழுந்தாது. கதவு மூடாது, அல்லது மூடிய கதவு தாழ்ப்பாளை வளைத்துவிடும். மெத்தென்று அழுந்தும் திறந்த துளை ஸ்பான்ஞ்தான் வேண்டும்: கதவுக்கு 1.5 மி.மீ., கண்ணாடி மோதும் இடத்துக்கு 2.5 மி.மீ. ஒத்துவரும். குறுகிய பள்ளங்களுக்குக் கறுப்பு உல்லன் நூல் ஸ்பான்ஞைவிட நல்லது. பள்ளத்தில் படுக்கவைத்து இரண்டு முனையில் மட்டும் ஒரு துளி ரப்பர் பசை. நூல் எந்தக் காலத்திலும் உருகாது.

பசை ஒட்டிய ஸ்பான்ஞ் துண்டைப் பள்ளத்தில் வைத்ததும் கோணலாகப் பிடித்துக்கொள்ளும். ஒட்டும் பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தொட்டு வைத்தால் நகர்த்திச் சரியாக உட்காரவைக்கலாம், காய்ந்த பிறகு பிடித்துக்கொள்ளும். முடித்ததும் கதவை ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் கதவு கொஞ்சம் தடித்து மூடினால் சரி. கட்டைவிரலால் நெட்டித் தள்ள வேண்டியிருந்தால் கீல் பக்கத்து ஸ்பான்ஞ் தடிமன் அதிகம்.

எஃப்எக்ஸ்-3இன் உரியும் தோலுக்கு மாற்று பெரியமேட்டில் இருக்கிறது. தோல் மண்டிகளில் வெட்டி மிஞ்சிய மெல்லிய லைனிங் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். 0.8 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் செல்ஃப் டைமர் லீவர் உரசும். பழைய தோலைப் பேப்பரில் வரைந்து அச்சு எடுத்துக்கொண்ட பிறகே முழுதாக உரியுங்கள். ஒட்ட இருபக்க டேப் போதும். சிந்தெட்டிக் பசை போட்டு ஒட்டினால் அடுத்த முறை உள்ளேயுள்ள ஸ்க்ரூவை எடுக்க வேண்டியவர் உங்களைத் திட்டுவார்.

ஒட்டிக்கொண்ட ஷட்டர்

கேனனின் கேனனெட், டிரிப் 35 போன்றவற்றில் லென்ஸுக்குள்ளேயே தகடு ஷட்டர். பட்டனை அழுத்தினால் 'கிளிக்' கேட்கும், தகடு நகராது. ஃபோகஸ் மரையின் கிரீஸ் வெயிலில் பிரிந்து, அதன் எண்ணெய் தகடுகளுக்கிடையே ஏறியதுதான் காரணம். முன்லென்ஸைக் கழற்றி, லைட்டர் ஃப்ளூயிட் ஒரு துளியைத் தகட்டின் நடுவில் வைத்து, இருபது முறை தட்டி, டிஷ்யூவின் ஓரத்தால் ஒற்றி எடுங்கள். ஷட்டர் உடனே ஓடும். இங்கேதான் பலர் மூடிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி ஒட்டும், ஏனென்றால் எண்ணெய் வெளியே போகவில்லை, கரைந்து பரவி மறுபடி நடுவுக்கு வந்திருக்கிறது. ஒற்றிய டிஷ்யூ சுத்தமாக வரும் வரை, குறைந்தது நாலைந்து சுற்று. ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் முதல் தட்டலில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு லென்ஸை மாட்டுங்கள். தகடுகள் உலர்ந்தேதான் ஓட வேண்டும். எந்த எண்ணெயும் திரும்பப் போடுவதில்லை.

டிரிப் 35 ஓடுகிறதா என்பதற்கு பேட்டரியே வேண்டாம். 'ஏ' நிலையில் வைத்து லென்ஸைச் சுற்றிய குமிழ்க் கண்ணாடியை உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள்: வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வெயிலைக் காட்டினால் தட்ட வேண்டும். வெயிலிலும் பூட்டிக்கொண்டால் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செலீனியம் செத்துவிட்டது; இருட்டிலும் தட்டினால் மீட்டர் ஊசி மாட்டிக்கொண்டது.

எலக்ட்ரோ 35ஐச் சுற்றும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு ஒலி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு சிறு ரப்பர் திண்டு கரைந்துபோயிருக்கிறது. மேல்மூடியைத் திறந்து மாற்ற வேண்டிய வேலை அது, முதல் கேமராவாக அதைத் தொட வேண்டாம். பேட்டரி போடாமல் ஆட்டோவில் தட்டினால் 1/500 மட்டுமே ஓடும். 'ஷட்டர் வேலை செய்யுது சார்' என்று விற்பவர் காட்டுவது இதைத்தான்.

எம்எஃப்-2, கேபி10 போன்ற ஃபிளாஷ் உள்ள பிளாஸ்டிக் கேமராக்களின் ஸ்க்ரூவைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஃபிளாஷ் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவில் மின்னைப் பிடித்து வைத்திருக்கும், பேட்டரி எடுத்து நாள் கணக்கான பிறகும். இவை வெளியே துடைத்து, பேட்டரி தகட்டைச் சுத்தம் செய்து, ஓடினால் கொடுக்கவும் ஓடாவிட்டால் ஒதுக்கவும் வேண்டியவை. கசிந்த அல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் பொருமலுக்கு வினிகர் தொட்ட பல்குச்சி, பிறகு ஐபிஏ, கடைசியில் மை அழிக்கும் ரப்பரால் ஒரு தேய்ப்பு.

ஃபங்கஸ், மீட்டர்

மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம், பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். காய்ச்சி வடித்த நீரைச் சமபங்கு கலந்தால் 3 சதவீதம். கழற்றி எடுத்த ஒற்றைக் கண்ணாடியின் மேல் பஞ்சால் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, வடிநீரால் கழுவி, மைக்ரோஃபைபரில் ஒற்றி உலர்த்துங்கள். ஒட்டிய இரட்டைக் கண்ணாடியை ஊறவைக்கக் கூடாது. எந்த முகம் எந்தப் பக்கம் என்பதைக் கண்ணாடியின் விளிம்பில் பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் கழற்றினால், திரும்ப மாட்டிய லென்ஸ் எதையும் கூர்மையாகக் காட்டாது. ஃபங்கஸைத் துடைத்த பிறகும் நகக்கீறல் மாதிரி தடம் இருந்தால் அது பூச்சை அரித்துவிட்டது. அதோடு விட்டுவிடுங்கள். வெயிலுக்கு நேராக எடுத்தால் மட்டும் கொஞ்சம் மங்கும், பழகும் கைக்கு அது ஒரு குறையில்லை.

1960, 70களின் மினோல்டா எஸ்ஆர்டி, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனனெட் எல்லாம் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தவை. அது இப்போது இல்லை. 1.5 வோல்ட் எல்ஆர்44ஐ ஒரு வளையம் வைத்துப் போட்டால் மீட்டர் ஊசி நகரும், ஆனால் தவறாகக் காட்டும். பேட்டரி தீரத் தீரத் தவறும் மாறிக்கொண்டே போகும். காது கேட்கும் கருவிக்கான 675 பேட்டரி 1.4 வோல்ட்டில் கடைசிவரை ஒரே சீராக நிற்கும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று புகுந்து இரண்டு, மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் குறை. கொடுக்கும்போது ஒரு பட்டையாகச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். பழைய பாதரச பேட்டரி உள்ளேயே இருந்தால் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் சேருங்கள்.

சோதனை

வேகத்தை அளக்க போனின் ஸ்லோமோஷன் போதும். வினாடிக்கு 240 பிரேமில் பின்பக்கத்திலிருந்து எடுத்து, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். 1 வினாடிக்கு 240, 1/30க்கு 8, 1/60க்கு 4. அதற்கு மேல் போன் சொல்வதை நம்ப முடியாது. 1/30க்கு 10 பிரேம் வந்தால் பதற வேண்டாம், நெகட்டிவ் ஃபிலிம் தாங்கும். 16 வந்தால் முழு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் விழும் அளவுக்கு மெதுவாக இருக்கிறது. அதை எழுதி வையுங்கள்.

ஃபோகஸுக்கு, பின்கதவைத் திறந்து ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை 'பி'யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்தே நிற்கும் நிலை) திறந்து வைத்து, மொட்டைமாடியிலிருந்து தூரத்து செல்போன் டவரைப் பாருங்கள். வளையம் முடிவிலியில் நிற்கும்போது டவர் கூர்மையாக வர வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் நிலா இருக்கும் இரவு போதும்: இரண்டு நிலாவும் ஒன்றாகச் சேர வேண்டும்.

பிறகு ரோல். ஃபிலிம் விற்கும் விலையில் கேமராவுக்கு ஒரு ரோல் கட்டாது. 36 எக்ஸ்போஷர் ரோல் ஒன்றை நான்கு கேமராவில் ஓட்டலாம். முதல் கேமராவில் 7 படம். ரிவைண்ட் செய்யும்போது ஃபிலிம் சுருள் விட்டுப் பிரியும் ஒலி கேட்டதும் நிறுத்தினால் நுனி வெளியே நிற்கும். இரண்டாவது கேமராவில் போட்டு, லென்ஸ் மூடியோடு அதிவேகத்தில் 9 வரை தட்டிக் கடந்து, அங்கிருந்து 7. தானாக ரிவைண்ட் ஆகும் கேமராவைக் கடைசியில் வையுங்கள், அது நுனியை உள்ளே இழுத்துவிடும். ஒவ்வொன்றிலும் முதல் படம், கேமரா பெயர் எழுதிய காகிதம். பிறகு வெற்று வானம் 1/1000இல், தூரக் கட்டிடம், ஒரு மீட்டரில் செங்கல் சுவர். நடுவில் கேமராவை ஐந்து நிமிடம் நல்ல வெயிலில் வைத்துவிட்டு அடுத்த படம்.

நெகட்டிவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பல்துளை ஓரத்திலிருந்து கறுப்பு வழிந்து உள்ளே வந்தால் கதவு ஸ்பான்ஞ் சரியில்லை. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறும்புள்ளி என்றால் துணித்திரையில் ஊசித்துளை, மூடியில்லாமல் வெயிலைப் பார்த்துக் கிடந்த கேமரா. வானப் படத்தில் ஒரு பக்கம் வெளிறியிருந்தால் திரைகள் ஒரே வேகத்தில் ஓடவில்லை. 1/500க்கு மேல் போகாதே என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கேமரா இன்னும் பத்து வருடம் ஓடும். படங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் சுற்றும் பல்சக்கரம். அது உதிரிக் குவியலுக்கு.

கொடுப்பது

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எம்எஃப்-2. பென்சில் பேட்டரி இரண்டு, ஃபோகஸ் செய்யத் தேவையில்லை, முதல் ரோலிலேயே முகம் விழும். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியிலோ தரமணி திரைப்படக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எஸ்எல்ஆரும் 50 மி.மீ. லென்ஸும். கிளிக் III அனுபவசாலிக்கு. ரோலுக்கு 12 படம்தான், பின்னாலுள்ள சிவப்பு ஜன்னலுக்குக் கறுப்பு டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் நிழலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூடிய ஸ்டூடியோக்காரர் ஒருவருக்கு அவர் பிழைப்பு நடத்திய மாடலையே கொடுத்தால், கேமராவைவிடப் பெரிய ரிப்பேர் பாடம் திரும்பக் கிடைக்கும்.

கேமராவோடு பட்டை, பேட்டரி, ஒரு ரோல், ஒரு அட்டை. அட்டையில் தமிழில்: ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு வெயிலில் ஷட்டர் 1/250, லென்ஸ் துளை எஃப்/11, மேகமூட்டத்தில் 1/250, எஃப்/5.6, கட்டிட நிழலில் 1/125, எஃப்/5.6. வெயில் கணக்குக்கு ஒரு ஸ்டாப் தாராளமாகவே போட்டிருக்கிறோம், கலர் நெகட்டிவுக்கு அது நல்லது. அட்டையின் பின்பக்கம் அந்தக் கேமராவின் குறைகள், ஒளிக்காமல். '1/8 மெதுவாக ஓடும்.' 'மீட்டர் இல்லை.'

ரோல் போடுவதை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பாழ் ரோலை மூன்று முறை போடவையுங்கள். முதல் ரோல் வெறுமையாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஃபிலிம் நுனி சுருட்டும் தண்டில் மாட்டாமல், 36 முறையும் லீவர் மட்டும் ஓடியிருக்கும். கதவை மூடி, ரிவைண்ட் குமிழைச் சுற்றித் தளர்வை எடுத்துவிட்டு, லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் படம் இல்லை. இதை வாய்ப்பாடு மாதிரி சொல்லவையுங்கள்.

மெட்ரோவில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பை ஸ்கேனரில் ஒரு தடவை போவதால் ஐஎஸ்ஓ 200 ரோலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் தினமும் காலை மாலை போனால் படம் மங்கலாம். ரோலைக் கையில் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் வியர்க்கும், பையைத் திறக்காமல் அரை மணி விட்டால் சரியாகும். பீரோவில், துணிகளுக்கு நடுவில் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் 100 கிராம்; நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் சிறுதீயில் வறுத்துக்கொள்ளலாம்.

கொடுத்த கேமராக்களில் சில திரும்பி வரும். படிப்பு முடிந்தது, வீடு மாறுகிறோம், ஓடவில்லை என்று ஏதோ ஒன்று. வாங்கியதும் பின்கதவைத் திறந்துவிடாதீர்கள். ரிவைண்ட் குமிழைச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே பாதி ரோல் இருக்கும்.